இறால்கள் செத்த வெள்ளிக்கிழமை

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேரையும் போன கிழமை ஒரு மூலையில் உட்கார்ந்து கவனித்தேன். கை சுத்தம், வேலை சுத்தம், வாடிக்கையாளரிடம் பேச்சும் பரவாயில்லை. ஆனால் ஒன்று எனக்குப் பொறுக்கவில்லை. டெலிபோனில் ஒருவர், "தொட்டியில மீனெல்லாம் சாகுதுங்க" என்று அழாத குறையாகச் சொல்கிறார். அவர் வாயை மூடுவதற்குள் உங்களில் ஒருவர் (யார் என்று சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும்) "சாப்பாடு கூடப் போட்டிருப்பீங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தொட்டியைப் பார்க்கவில்லை. எது செத்தது, எது பிழைத்தது என்று கேட்கவில்லை. அட பாவி, கோர்ட்டில்கூட இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுத்தானே தீர்ப்புச் சொல்வார்கள்!

என்னடா கிழவன் வேலையை விட்டுப் போன பிறகும் வந்து குறை சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். உங்களைவிட மோசமாக நான் செய்திருக்கிறேன். அதனால் ஒரு மனுஷி பொலிஸ் ஜீப்பில் ஏறப் பார்த்தார். அதை ஒளிக்காமல் சொல்லத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. மலைநாட்டில் அப்போது கடல்மீன் தொட்டி வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டு ஹோட்டல், ஒரு டாக்டர் வீடு, ஏழு தோட்டத்துப் பங்களா. அட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் எல்லாவற்றையும் நான் ஒருவன்தான் பார்த்தேன். இவ்வளவு உயரத்துக்குக் கடல் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். லீக்ஸ், கரட் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்கும் மரக்கறி லொறிகள் திரும்பும்போது வெறுமையாகத்தானே வரும். அதில் என் கேன்கள் ஏறி வரும். லொறிக்காரர்கள் என்னை "உப்புத்தண்ணி மாமா" என்று கூப்பிடுவார்கள். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. மாமாவாம்!

அந்த ஏழு பங்களாக்களில் ஒன்று திம்புள்ளப் பக்கம். தலவாக்கலையிலிருந்து மேலே ஏறினால் முக்கால் மணி நேரம். அந்தத் தோட்டத்துத் துரையின் பங்களா. துரை என்றால் தோட்ட மேனேஜர். உங்களில் ஒருவர் கொழும்பில் வளர்ந்தவர், அவருக்காகச் சொல்கிறேன். துரை சிங்களவர்தான், ஆனால் தோட்டத் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மனைவியும் பிள்ளைகளும் படிப்புக்காகக் கண்டியில் இருந்தார்கள். அத்தனை பெரிய வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது வரவேற்பறையில் நான் வைத்துக்கொடுத்த நான்கடித் தொட்டிதான். தொப்பியைக் கழற்றாமலே வந்து அதன் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

பங்களாவில் சமையல், துப்புரவு எல்லாம் பார்த்தவர் பாக்கியம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அக்கா என்பேன். அவர் என்னை மீன்காரத் தம்பி என்பார். மீன்களுக்குச் சாப்பாடு போடுவது, தொட்டியில் குறைந்த தண்ணீரை நிரப்புவது இரண்டும் அவர் வேலை. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நின்றுவிடும். அதனால் தினமும் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றியாக வேண்டும். பாக்கியத்தின் புருஷன் மலையில் மருந்து அடிக்கும் வேலை செய்தவர். தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவரும் அவர்தான்.

ஜனவரி மாதம், புல்லெல்லாம் பனியில் வெளுத்துக் கிடந்த ஒரு வெள்ளிக்கிழமை. கடையைத் திறந்துகொண்டிருக்கும்போதே டெலிபோன் அடித்தது. துரையே பேசினார்.

"என் டேங்குல யாரோ மருந்து போட்டிருக்கு. ஒடனே வா."

வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். இரண்டு கேன் கடல் தண்ணீரை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்பக்கம் சமையல் நடக்கும் குசினியின் படியில் பாக்கியம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காவல்காரர் தடியோடு நின்றார். பாக்கியம் என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

நடந்ததைத் துரை சொன்னார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் தோட்டத்தில் வேலைநிறுத்தம். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளை மடுவம் இருக்கிறதே, அதன் கூரை ஒழுகுகிறது, தகரம் மாற்றித் தரும் வரைக்கும் மலைக்கு ஏறமாட்டோம் என்று ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மாற்றித் தருகிறேன் என்று துரை எழுதிக் கொடுத்த பிறகு வியாழக்கிழமை காலை எல்லாரும் பெரட்டுக்கு வந்தார்கள், அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு. அங்கே அத்தனை பேர் முன்னாலும் துரைக்கும் தலைவருக்கும் வாய்ச்சண்டை. அன்று சாயங்காலம் தொட்டியில் முதல் இறால் செத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது பாதித் தொட்டி காலி.

"பெரட்டுல புருஷன் சத்தம் போட்டான். பங்களாவுல பொஞ்சாதி வேல காட்டியிருக்கா" என்றார் துரை. "நான் கேட்டேன், என்னா ஊத்துனேன்னு. வாயே தொறக்கல்ல. நீ பாரு. மருந்துதான்னு நீ சொன்னா தலவாக்கலைக்குப் போன் பண்றேன், பொலிஸ் பாத்துக்கும்."

பொலிஸ் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன்தானே. பாக்கியத்தின் பெயரைத் தோட்டப் பதிவிலிருந்து வெட்டுவார்கள், தலைவரின் பெயரையும் வெட்டுவார்கள். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். அவர்களுக்கு மூன்று பெண்பிள்ளைகள். தோட்டம் மறுபடி வேலைநிறுத்தத்தில் இறங்கும். இவ்வளவும் என் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டு நின்றது.

முதலில் நான் செய்த ஒரே நல்ல காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். "தொரை, உசிரோட இருக்கறத மொதல்ல பாப்போம், யாருன்னு அப்பறம் பாப்போம்" என்றேன். அவருக்குக் கோபம்தான், ஆனாலும் சரி என்றார். இரண்டு கோமாளி மீன், மூன்று நீலக்குட்டி மீன், ஒரு வண்ணத்துப்பூச்சி மீன், ஆறும் தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. கொண்டுபோன தண்ணீரைத் தொட்டித் தண்ணீரின் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஆறையும் வாளிகளுக்கு மாற்றிக் காற்றுக்குழாய் போட்டுவிட்டேன். இதை எந்த நாளும் மறக்காதீர்கள். உங்களைச் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் காரணத்தைக் கேட்டுத்தான் கத்துவார்கள். மீன் கத்தாது.

அதன் பிறகு செத்ததைப் பார்த்தேன். நான்கு இறால், ஒரு நட்சத்திர மீன், கடல் சாமந்தி, கண்ணாடியில் பாசி தின்றுகொண்டிருந்த நத்தைகள் அத்தனையும். முதுகெலும்பு இல்லாத உயிர் ஒன்றுகூடத் தப்பவில்லை. முதுகெலும்புள்ள மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. சூடு சரியாக இருந்தது, உப்புச் சரியாக இருந்தது, கரண்டும் போகவில்லை. அப்படியென்றால் ஒன்றுதான் மிச்சம். செம்பு. மீன் தாங்கிக்கொள்ளும் துளியளவு செம்பு தண்ணீரில் கலந்தால் போதும், இறாலும் நத்தையும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தவுடன் எனக்குத் தலைகால் புரியவில்லை. தேயிலைத் தோட்டத்தில் செம்பு எங்கிருந்து வரும்? இலையில் கொப்புளம் போடும் நோய்க்கு அடிக்கிறார்களே, அது செம்பு மருந்துதானே! காற்றில் பறந்து வந்து காற்றுப் பம்பு வழியாக உள்ளே போயிருக்கும். அவசரக் குடுக்கை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"தொரை, இது செம்பு. பக்கத்து மலையில கொப்புளத்துக்கு மருந்து அடிச்சாங்களா?"

துரை என்னை உற்றுப் பார்த்தார். "மழையில்லாத காலத்துல எவன் மருந்து அடிப்பான்? அதுவும் மருந்து அடிக்கற கூட்டமே மூணு நாளா ஸ்டிரைக்கு." அப்படியே நிறுத்தினார். முகம் மாறியது. "செம்பு மருந்தா? அப்ப ஸ்டோர்ல இருந்து வந்திருக்கு. அவ புருஷன் மருந்து அடிக்கற ஆளு. அவன் எடுத்துக் குடுத்து இவ ஊத்தியிருக்கா!"

போச்சு. அதுவரை சந்தேகமாக இருந்ததை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நான் பாதி பார்த்துவிட்டு முழுதாகச் சொன்ன ஒரு சொல், அந்த அம்மாவின் கழுத்தில் போய் விழுந்தது. துரை டெலிபோன் மேசைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். ஓடினேன் என்றால் உண்மையாகவே ஓடினேன், கம்பளத்தில் தடுக்கி விழப் பார்த்தேன்.

"தொரை, தொரை! கொஞ்சம் பொறுங்க. செம்புன்னுதான் சொன்னேன், ஸ்டோர் மருந்துன்னு நான் சொல்லலீங்க. எங்கயிருந்து வந்துச்சுன்னு பாக்க விடுங்க."

அவர் எடுத்த ரிசீவரைத் திரும்ப வைத்தார். "நாலு மணி வரைக்கும்" என்றார். "நாலு மணிக்கு நான் போன் பண்ணுவேன்."

குசினிப் படிக்குப் போனேன். அங்கே போய் இரண்டாவது முட்டாள்தனம். "என்னாக்கா போட்டீங்க டேங்குல?" என்று கேட்டேன்.

பாக்கியத்தின் முகம் அப்படியே செத்துப்போனது. "நீங்களுமா தம்பி?" என்றார். நான் நின்ற இடத்தில் கூனிக்குறுகிப் போனேன். கேள்வியிலேயே தீர்ப்பை வைத்துக் கேட்டால் எந்த மனுஷன் பதில் சொல்வான்? நானும் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காவல்காரர் என்னைப் பார்த்த பார்வையில், இவனையும் சேர்த்துக் காவல் காக்க வேண்டுமோ என்ற யோசனை தெரிந்தது.

கொஞ்சம் பொறுத்து, "அக்கா, மன்னிச்சுக்கங்க. ஒன்னும் சொல்ல வேணாம். நேத்துக் காலையில டேங்குக்கு என்னென்ன செஞ்சீங்களோ, அத அப்படியே இன்னொரு தடவ செஞ்சு காட்டுங்க. நான் பின்னாலயே வர்றேன்" என்றேன்.

அவர் எழுந்தார். சேலையை உதறிக்கொண்டார். தொட்டிக்கென்று நான் தனியாக வைத்திருந்த வெள்ளை வாளியை எடுத்தார், வெளியே கொண்டுபோய்க் கழுவினார், கவிழ்த்துத் தட்டினார். சவர்க்காரம் கிடையாது. நான் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம். பிறகு குசினிக் குழாய்க்குப் போவார் என்று நான் பார்த்தால், துரையின் குளியலறைக்குள் போனார். அங்கே இரண்டு குழாய். பச்சைத் தண்ணீருக்கு ஒன்று, சுடுதண்ணீருக்கு ஒன்று. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தார். வாளி நிறைந்ததும், பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர்கள் பார்ப்பார்களே, அதுபோல முழங்கையை உள்ளே விட்டுச் சூடு பார்த்தார். கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி முழங்கையை விட்டுப் பார்த்தார்.

நான் வாளியைப் பார்க்கவில்லை. குளியல் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே வெள்ளைப் பீங்கான் அப்படியே இருந்தது. சுடுதண்ணீர்க் குழாய்க்குக் கீழே மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு நீலமும் பச்சையுமாகக் கறை. எத்தனை தேய்த்தும் போகாத கறை. செம்பு இருந்த இடத்தில்தான் அந்த நிறம் வரும்.

குளியலறைக்கு வெளியே, சுவரை ஒட்டி விறகு போட்டு எரிக்கும் பாய்லர். வெள்ளைக்காரன் காலத்து ஆள் உயரச் செப்புப் பாத்திரம். மலை ஊற்றுத் தண்ணீர் அதற்குள் சும்மா கிடந்தால் செம்பை அரித்து எடுத்துக்கொள்ளும். வேலைநிறுத்தத்தில் விறகு கொண்டுவர ஆளில்லை, மூன்று நாள் பாய்லர் எரியவில்லை. அந்த மூன்று நாளும் தண்ணீர் உள்ளேயே கிடந்திருக்கிறது. வியாழன் காலை அடுப்பு எரிந்ததும் வந்த முதல் தண்ணீர் தொட்டிக்குத்தான் போயிருக்கிறது.

"எத்தன வாளிக்கா ஊத்துனீங்க?"

"தெனமும் அரை வாளி ஊத்துவேன். மூணு நாளா சுடுதண்ணி இல்லையில்ல, அதனால ஊத்தவேயில்ல. தண்ணி ரொம்பக் கொறஞ்சி போச்சு. நேத்துதான் ரெண்டு வாளி சேத்து ஊத்துனேன்."

"பச்சத் தண்ணி இருந்துச்சே, அத ஊத்தியிருக்கலாமே?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு ஞாபகம் வந்தது. ஐயோ! இரண்டு கிழமைக்கு முன்னால் இதே வரவேற்பறையில், விறைக்கிற காலை நேரத்தில், பாக்கியம் குழாயில் பிடித்த ஐஸ் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றப் போனார். நான் பாய்ந்து வாளியைப் பிடித்தேன். "என்னாக்கா இது, இந்தக் குளுந்த தண்ணிய ஊத்துனா மீன் அத்தனையும் செத்துரும்!" என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டேனே தவிர, வாளியில் பிடித்து ஒரு நாள் அறைக்குள் வைத்துவிட்டு ஊற்றுங்கள் என்று சொன்னேனா? இல்லை. அடுத்த பங்களாவுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன். அந்த அம்மா என்ன செய்வார்? குளிர்ந்தது கூடாதென்றால் வெதுவெதுப்பானதை ஊற்றியிருக்கிறார். அறிவுள்ள யாரும் அதைத்தான் செய்வார்கள். குளிருகிற ஊரில் ஒரு உயிர்மேல் அன்பு வைத்தவர்கள் முதலில் சுடவைத்த தண்ணீரைத்தானே தேடுவார்கள்.

இந்த இடத்தில் என் மனது செய்த கள்ளத்தனத்தையும் சொல்கிறேன். பாய்லர்தான் காரணம், பாக்கியம் தெரியாமல் ஊற்றிவிட்டார் என்று சொன்னால் போதாதா? பொலிஸ் வராது. நான் சொன்னதால்தான் ஊற்றினார் என்பதை எதற்குச் சொல்ல வேண்டும்? துரைமார் வாரக் கடைசியில் கிளப்பில் கூடுவார்கள், ஒருவரிடம் கெட்ட பெயர் எடுத்தால் ஏழு பங்களாவிலும் என் பிழைப்பு முடிந்தது. இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் துரையிடம் போனேன்.

பாய்லர் என்றதும் அவர் சிரித்துவிட்டார். "நான் பன்னெண்டு வருஷமா அந்தத் தண்ணியில குளிக்கறேன். நான் செத்தேனா?"

"நீங்க நத்த இல்லையே தொரை."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. நல்ல வேளை, அவர் அதைக் கேலியாக எடுக்கவில்லை. நத்தை என்றதும் எனக்கும் ஒரு வழி தோன்றியது. பங்களாவுக்கு முன்னால் அல்லிப்பூத் தொட்டி இருந்தது, அதில் நல்ல தண்ணீர் நத்தை நிறைய உண்டு. பத்து நத்தையைப் பொறுக்கி வந்தேன். இரண்டு கண்ணாடிப் பாத்திரம் எடுத்தோம். ஒன்றில் பச்சைத் தண்ணீர், மற்றதில் பாய்லரில் அடியில் நின்ற தண்ணீரை நன்றாக ஆறவைத்து. இரண்டையும் துரையே தன் கையால் பிடித்தார். பாக்கியமோ நானோ கிட்டவே போகவில்லை. ஐந்து ஐந்தாக நத்தையை விட்டுவிட்டு, துரையும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். மத்தியானச் சாப்பாட்டை யாரும் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை.

அந்த இரண்டரை மணி நேரத்தை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. பச்சைத் தண்ணீர் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கொம்பை நீட்டிக்கொண்டு கண்ணாடியில் ஏறின. பாய்லர்த் தண்ணீர் நத்தைகளில் இரண்டு பாதி ஏறி விழுந்தன. பிறகு ஐந்தும் ஓட்டுக்குள் சுருண்டு அடியில் கிடந்தன. விரலால் தட்டினால்கூட அசையவில்லை. மூன்றரை மணிக்குத் துரை குனிந்து இரண்டு பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நீண்ட மூச்சு விட்டார்.

"சரி. மருந்து இல்ல. பாய்லர்தான்." எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் அவர் விடவில்லை. "ஆனா இவளுக்கு எவன் சொன்னான், டேங்குக்கு சுடுதண்ணி ஊத்தச் சொல்லி? சொந்த புத்தியில செஞ்சாளா? அப்படி ஒரு ஆள பங்களாவுல வச்சிக்க முடியாது."

நான் திரும்பிப் பார்த்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் குசினிப் படி தெரிந்தது. பாக்கியத்தின் முதுகு மட்டும் தெரிந்தது.

"நான்தான் தொரை" என்றேன். "குளுந்த தண்ணி ஊத்துனா மீன் செத்துரும்னு நான்தான் சத்தம் போட்டேன். என்னா செய்யணும்னு சொல்லிக்குடுக்காமப் போயிட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. செம்புன்னு அவசரப்பட்டுச் சொல்லி உங்களுக்கு சந்தேகத்த கூட்டுனதும் நான்தான்."

அதன் பிறகு துரை எனக்குத் தந்த ஏச்சு இருக்கிறதே! சிங்களத்தில் ஆரம்பித்து, தமிழுக்கு வந்து, இங்கிலீஷுக்குப் போய், மறுபடி தமிழுக்குத் திரும்பினார். மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் குளித்த கோபமும் அதில் கலந்திருந்தது என்று நினைக்கிறேன். நான் கைகட்டி நின்று வாங்கினேன். அவ்வளவு ஏச்சு வாங்கிக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக நான் வாழ்க்கையில் நின்றதேயில்லை. மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

களைத்துப்போய் நிறுத்தினார். பின்பக்கம் போனார். காவல்காரரை வாசல் கேட்டுக்குப் போகச் சொன்னார். பாக்கியம் எழுந்து நின்றார். துரை அவரைப் பார்த்தார், பிறகு தோட்டத்தைப் பார்த்தார், பிறகு தன் கால் சப்பாத்தைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் துரைமாருக்கு ஏது?

"பாக்கியம்" என்றார். "காலையிலருந்து யாரும் ஒன்னும் சாப்பிடல்ல. டீ போடு. எனக்கு, இந்தப் புத்திகெட்ட ஆளுக்கு, ஒனக்கும்."

ஒனக்கும் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. பாக்கியம், "சரிங்க தொரை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.

ஆறு மீனும் பிழைத்தன. துரை என்னை நிறுத்தவுமில்லை. தொட்டிக்கு மறுபடி தண்ணீர் சேர்த்து எடுக்கக் கிழமைகள் ஆயின, அது உங்களுக்குத் தெரிந்த வேலை, அதை விடுங்கள்.

நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலம் நடந்தது. பழைய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தபோது பாக்கியம் எனக்கு டீ கொண்டுவந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அக்கா, காலையில தொரை கேட்டப்பவே, மீன்காரன் சொல்லித்தான் சுடுதண்ணி ஊத்துனேன்னு சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

"சுடுதண்ணிதான் வென வச்சிருச்சோன்னு எனக்கு விடியவே சந்தேகம் தம்பி" என்றார், கோப்பையை என் கையில் கொடுத்தபடி. "ஆனா சொன்னா, யாரு சொன்னதுன்னு கேப்பாரு. உங்க பேரச் சொன்னா உங்கள இந்தப் பக்கமே அண்ட விடமாட்டாரு. மிச்சம் ஆறு மீனு வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. நீங்க வராட்டி அதுகள யாரு பாக்கறது? அதான் பேசாம இருந்தேன். நீங்க வந்து சேரட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு."

"அதுக்குள்ள பொலிஸ் வந்திருந்தா?"

"வந்திருந்தா போயிருக்கணும்" என்றார். "வேற ஆளத் தேடிப் புடிக்கற வரைக்கும் மீனு தாங்காதே தம்பி."

நான் அழுதுவிட்டேன். டீயைக் கீழே வைத்துவிட்டு, கையில் உப்புத் தண்ணீரோடு அப்படியே முகத்தைத் துடைத்தேன். தன் பங்கு டீயைக் கேட்டு அந்தப் பக்கம் வந்த காவல்காரர் என்னைப் பார்த்துவிட்டு, நான் செத்துப்போன இறாலுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "விடுங்க சார், மத்ததெல்லாம் பொழச்சிருச்சில்ல" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.